உன் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

இன்று காலையும் அந்த மெயில் வந்தது. "ஒரு வேலை உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று உனக்கு வரும் ஞாபகமூட்டல், நகல் எனக்கு. வாயில் பிரஷ்ஷோடு அதைத் திறந்து பார்ப்பதுதான் என்னுடைய காலைக் கடனாகிவிட்டது. அதை அனுப்புவது நீ எழுதிய நிரல். நீ செத்துப்போனது அதற்குத் தெரியாது. "தெரிஞ்ச நீ மட்டும் இன்னாத்தடி கிழிச்ச?" என்று என்னைக் கேட்பாய். கேள், பதில் சொல்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

கல்லூரிக்குக் காட்பாடி போகும் ரயிலில் நீ ஆம்பூரில் ஏறுவாய், நான் குடியாத்தத்தில். ஜன்னலோரத்தில் துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். கேட்கிறவர்களிடம் "ஆள் வராங்க" என்று சொல்லிச் சண்டைக்கு நிற்பாய். உன் அப்பா தோல் ஷெட்டில் வேலை, எங்கள் வீட்டில் லுங்கித் தறி. பெரிய கம்பெனிகள் வாங்கும் மென்பொருளை நம் ஊர்ச் சின்ன யூனிட்டுகள் கனவில்கூட வாங்க முடியாது என்று நமக்குத் தெரியும். ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அடித்தளம் எழுதித் திறந்த மூலமாக வைத்துவிடலாம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்று அந்த ரயிலில்தான் முடிவெடுத்தோம். கணக்குப் பகுதியை நான் எழுதினேன். வொர்க்ஃப்ளோ எஞ்சினை நீ எழுதினாய். ஒரு வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும், யார் சரி சொன்னால் அடுத்த படி என்று பார்த்துக்கொள்கிற பகுதி அது. அது நின்றால் எல்லாம் நிற்கும்.

அப்போதே வெளியில் தயாராகக் கிடைத்த எஞ்சின்களைப் பார்த்தோம். கட்டமும் அம்புக்குறியும் வரைந்து ஓட்டுகிற பெரியது ஒன்று இருந்தது. அதற்கென்று தனி சர்வர் கேட்டது. "ஒரு டம்ளர் டீ போட கல்யாண மண்டபம் புடிக்கணுமா?" என்று தள்ளிவிட்டாய். நாமே எழுதுவோம் என்றாய். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் உன் அப்பா வேலை செய்த ஷெட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனோம்.

சுண்ணாம்பும் ஈரத்தோலும் சேர்ந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீ சிரித்தாய். செலக்‌ஷன் மேசையில் யூசுப் பாய் தோல்களைத் தடவித் தடவித் தரம் பிரித்து, பின்பக்கம் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தார். ஜும்மா தொழுகைக்கு நேரமானதும் சாக்பீஸைப் பக்கத்தில் நின்ற தாமஸ் கையில் வைத்துவிட்டுப் போனார். மேசை ஓடியது. தொழுகை முடிந்து வந்தவர் கையை நீட்டினார், தாமஸ் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். மேசையில் சாக்பீஸை வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கமில்லையாம். கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும், அப்போதுதான் அந்தக் குறிக்கு யார் பொறுப்பு என்று தெரியும்.

"பாத்தியாடி, இதான் நம்ம எஞ்சின்" என்றாய் வெளியே வந்ததும். "வேலைய யாரும் புடுங்கக் கூடாது. வச்சிருக்கிறவங்களே குடுக்கணும்."

அப்படியே எழுதினாய். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூசுப் பாய் தொழுகையிலிருந்து திரும்பி வந்தார். திரும்பி வராதவர்களுக்கு நீ ஒன்றுமே எழுதவில்லை.

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் பிளானிங் பார்க்கும் எஸ்தரை உனக்கு நினைவிருக்கும், நம்மை முதலில் நம்பியவள். அவளுடைய குவாலிட்டி சூப்பர்வைசர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார். அவர் பெயரில் இருந்த சரக்கு லாட்டெல்லாம் அப்படியே நின்றன. அவர் கொடுக்காமல் வேறு யாரும் தொட முடியாது, உன் விதி அப்படி. நான்தான் உள்ளே இறங்கிக் கையால் பெயரை மாற்றினேன். அடுத்த மாதம் வேறொரு யூனிட்டில் இதே கதை. இந்த எஞ்சினை எடுத்துவிட்டு, சின்னதாகவும் உறுதியாகவும் இருக்கிற வேறொன்றைச் சேர்க்கலாம் என்று நான் முறையாக விண்ணப்பம் போட்டேன். கரண்ட் போனாலும் விட்ட இடத்தை மறக்காது, காரணம் எழுதினால் இன்னொருவர் வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் நல்லதையெல்லாம் எழுதினேன். எஞ்சினில் கை வைக்க வேண்டுமானால் நாம் இருவரும் ஒப்ப வேண்டும் என்பது நாமே வைத்த விதி. நான் ஒப்பினேன். நீ ஒப்பவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தக் காலை மெயில்.

"இன்னாடி அவசரம் உனக்கு? பேஜார் பண்ணாத. ஒடம்பு சரியாவட்டும், பாக்குறேன்" என்றாய் போனில். சாதாரணக் காய்ச்சல் என்றுதானே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திங்கட்கிழமை பேசலாம் என்றாய். அந்தத் திங்கட்கிழமை உன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. உன் நிரலைத் திறந்தால் நீ பேசுவது போலிருக்கும், மூடிவிடுவேன். நம்மோடு சேர்ந்து நிரல் எழுதுகிறவர்கள் எஞ்சின் என்ன ஆயிற்று என்று முதலில் பொறுமையாகக் கேட்டார்கள், பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். முந்தாநாள் எஸ்தர் கூப்பிட்டாள்.

"அக்கா, மறுபடியும் நின்னுச்சு. கன்டெய்னர் வெளிய நிக்குது. ஓனர் இன்னிக்கே வேற எதுக்காவது மாறிடலாம்றாரு. மத்த யூனிட்டுங்களும் அதான் பேசிக்கிறாங்க. நான் எத்தினி தடவக்கா உங்களுக்காகப் பேசறது?"

எஸ்தரே போனால் நம்முடையது முடிந்தது. நீயும் நானும் சேர்ந்து செய்தது என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆம்பூருக்கு வந்தேன். ரயிலில் ஜன்னலோரம் காலியாகவே இருந்தது. உட்கார மனம் வராமல் கதவருகே நின்றேன். எதற்கு வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் லேப்டாப்பைத் திறந்து, உன் பெயரில் நானே ஒப்புதல் போட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், என் எதிரிலேயே அடிப்பாயே.

உன் அம்மா பீரோவிலிருந்து அதை எடுத்து வந்தார்கள். முழு சார்ஜில் இருந்தது.

"சார்ஜ் எறங்குனா கெட்டுப்போய்டும்னு சொல்லிட்டே இருப்பாம்மா. அதான் போட்டு வக்கிறேன்" என்றார்கள்.

திறந்தேன். அங்கேயும் அதே வரி, உன் பெயரோடு. கீழே ஒப்புதல் பொத்தான். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மா பண்ற?"

மறைக்கத் தோன்றவில்லை, சொல்லிவிட்டேன். அவர்களுக்கு எஞ்சினும் தெரியாது, ஒன்றும் தெரியாது. குனிந்து திரையைப் பார்த்தார்கள்.

"அவ வேணான்னுதான சொல்லினு இருந்தா?"

"பாக்குறேன்னு சொன்னாம்மா."

"அப்ப அவ பாக்கலம்மா" என்றார்கள். திட்டவில்லை, அழவில்லை. எழுந்து டீ போடப் போனார்கள்.

மூடிவிட்டேன். நீ பார்க்காததை உன் பெயரில் நான் எப்படி ஒப்புவது? ஏதாவது எழுதி வைத்திருப்பாயோ என்று தேடக்கூட இல்லை. நீ அப்படிப்பட்டவள் இல்லை. திங்கட்கிழமை வருவதாக இருந்தவள் எதற்கு எழுதி வைக்கப்போகிறாய்?

திரும்பி வந்து, இன்று காலை அந்த மெயிலைப் பார்த்த பிறகு, என் பெயரில், சர்வருக்குள் இறங்கினேன். ஒப்ப வேண்டியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். உன்னுடையதை அழித்தேன். சேமிக்கப்போனால் உன் இன்னொரு விதி வந்து நின்றது. எந்த மாற்றத்துக்கும் காரணம் ஒரு வரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடாது. சும்மா "மாற்றம்" என்று எழுதியவர்களையெல்லாம் "ஏன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாய். என்னையும்தான்.

விடுப்பு என்று எழுதினேன், அழித்தேன். தற்போது இல்லை என்று எழுதினேன், அதையும் அழித்தேன். உன் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனையில் நின்றேன். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அவ விஷயம் தெரியும்ல" என்று நழுவிவிடுவேன். எஸ்தரின் கன்டெய்னர் நின்றுகொண்டிருந்தது. "இறந்துவிட்டாள்" என்று அடித்தேன். உள்ளே விட்டது.

அதன்பின் எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. புது எஞ்சினைச் சேர்த்தேன். எஸ்தரின் லாட்டுகள் நகர்ந்தன. "போய்டுச்சுக்கா, போய்டுச்சு" என்று போனில் கத்தினாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

உன் எஞ்சின் இன்று காலை கடைசி மெயிலை அனுப்பிவிட்டுத்தான் நின்றது. நாளையிலிருந்து வராது. நீ சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை, நான்தான் பிடுங்கிக்கொண்டேன். உனக்குப் பிடிக்காத காரியம்தான். என்றாலும் இனி இந்தக் குறிக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. யாராவது வந்து கேட்கும்வரை கீழே வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று, அந்தக் கடைசி மெயிலைத் திரும்பவும் படிக்காததாகக் குறித்து வைத்துவிட்டேன். இப்போதும் தடித்த எழுத்தில், மேலேயே இருக்கிறது.