ஞானசௌந்தரி என்கிற படகு

அம்பத்தூர்
அக்டோபர் 6

ஆக்லாந்து தொடங்கி ஃபிஜி வரைக்கும் உள்ள சகல தண்ணீருக்கும் அதிபதியாகப் போகிற அன்பு மகன் பெனிட்டோவுக்கு, அம்பத்தூர் ராஜ்யத்தின் கடைசி மன்னனாகிய உன் சித்தப்பா ஜேசுராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நான்கு லட்சம் கொசுக்களும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே நீயும் மருமகள் ரெனிதாவும், குடும்பத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் படகும் சுகம்தானே? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

படகின் படங்கள் பதினேழும் வந்து சேர்ந்தன. ஜப்பானில் யாரோ ஓட்டிய மோட்டார் படகை வாங்கி, அதைப் பெரிய கப்பலில் ஏற்றி நியூசிலாந்துக்கு வரவழைத்திருக்கிறாய். படகாகப் பிறந்தும் கடலைக் கடக்க இன்னொருத்தன் முதுகில் ஏறி வந்திருக்கிறதே, நம் குடும்பத்தில் சேர எல்லாத் தகுதியும் அதற்கு இருக்கிறது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு என்று ரெனிதா சொன்னதைக் கேட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தேன், முழங்கால்தான் சத்தம் போட்டது. நவம்பர் இரண்டாம் தேதி முதல் பயணம், கிறிஸ்துமஸுக்கு வடக்கே தீவுகள், அடுத்த வருடம் ஃபிஜி என்று திட்டமும் அனுப்பியிருக்கிறாய். எனக்கும் கடல் அனுபவம் உண்டப்பா. அந்த டிசம்பர் வெள்ளத்தில் நம் தெருவே வங்காள விரிகுடாவாக ஆனபோது, தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகில் உன் சித்தி குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும்தான் பயணம், அதற்குள் மூன்று முறை வாந்தி. இறங்கும்போது படகு ஓட்டிய பையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "செத்தாலும் இனிமே போட்ல ஏற மாட்டேன்பா" என்று சத்தியம் பண்ணினாள். இதை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், நீ சிரித்திருக்கிறாய். நான் சொன்ன ஆயிரம் புளுகுக்கு நடுவில் இந்த ஒன்று உண்மை என்று உனக்குத் தெரியாமல் போனது என் தவறுதான்.

பொங்கல் விடுமுறையில் அவள் கண்ணை மூடியபோது உன்னால் வர முடியவில்லை. அடக்கத்தை ஃபோனில் பார்த்தாய். ஒரு கையில் மண்ணும் ஒரு கையில் நீயுமாக நின்றேன். நம் வீட்டில் கல்லறைக்குக் கல் வைக்கும்போது மகன் கை கல்லில் பட வேண்டும் என்பதால், கல்லறைத் திருநாளுக்கு வந்து நானே வைக்கிறேன் சித்தப்பா என்று நீதான் சொன்னாய், நான் கேட்கவில்லை. போன மாதம் திடீரென்று, சித்தி பெயரைத் தமிழில் அழகாக யாரிடமாவது எழுதி வாங்கிப் படம் அனுப்புங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன் என்று எழுதினாய். எதற்கென்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? நவம்பர் வருகிறது, பிள்ளை கல்லுக்குத்தான் கேட்கிறான் என்று ஷேர் ஆட்டோ பிடித்து மண்ணூர்பேட்டைக்கு ஓடினேன். அங்கே கல்லறைக் கல் கொத்துகிற வேம்புலி மூன்று நாள் உட்கார்ந்து, ஞானசௌந்தரி என்று எழுதிக் கொடுத்தான். அந்த 'ஞா'வைப் பார்த்தால் அவளே கொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த ஒருத்தரையும் விடவில்லை, என் மகன் வருகிறான், தாய்க்குக் கல் வைக்க வருகிறான் என்று சொன்னேன். ஃபாதரிடம் கல்லை மந்திரிக்க நேரமும் வாங்கிவிட்டேன். மறுநாள் உன் பதினேழாவது படம் வந்தது. வெள்ளைப் படகின் இடுப்பில் நீல எழுத்தில் அவள் பெயர், அதே 'ஞா', வேம்புலியின் கை. கீழே, சர்ப்ரைஸ் சித்தப்பா, இரண்டாம் தேதி சித்தியைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்குத்தானடா கல்லறைத் திருநாள்! தேதி மறந்துபோயிருந்தால்கூட மன்னித்துவிடுவேன். அவளுக்காகத்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறாய், அதற்கு நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது? அவளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தி முடித்துவிட்டதாக நீ நினைக்கிறாய். வாந்தி எடுக்கிறவளைப் படகில் ஏற்றிவிட்டு, அவள் படுத்திருக்கிற இடத்தில் பெயரில்லாமல் வைத்திருக்கிறாய்.

இன்னொரு விஷயம். வேம்புலி நேற்று ஃபோன் பண்ணி, "அண்ணாத்தே, கீழ புருசன் பேரு போட்டுட்டேன். அந்தப் பையன் பேருக்கு முன்னால மகன்னு போடறதா, இல்ல உங்க அண்ணன் புள்ளைன்னு போடறதா? கொத்திட்டா அழிக்க முடியாது, பாத்துக்கோ" என்றான். என் அண்ணனும் அண்ணியும் விபத்தில் போன அன்றைக்கு உன்னை நாலு வயதில் உன் சித்தி இடுப்பில் வாங்கினாள், அன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் அவள் மகன் என்பதைத் தவிர வேறு எழுதியதில்லை. நான்தான் நேற்று அவனை லைனில் நிறுத்திவிட்டு உன் பதினேழாவது படத்தை மறுபடி பார்த்தேன். கடைசியில், மகன் பெனிட்டோ என்று சாக்பீஸில் மட்டும் எழுதி வை, இரண்டாம் தேதி வரைக்கும் உளி வைக்காதே என்றேன். கல் அவன் பட்டறை வாசலில் திறந்த வெளியில் கிடக்கிறது. இங்கே மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்.

காற்றிலும் அலையிலும் ஆண்டவர் உன்னையும் ரெனிதாவையும் கைவிடாமல் காப்பாராக. மிதவைச் சட்டை போடாமல் படகில் கால் வைக்காதே, ரெனிதாவை எஞ்சின் பக்கத்தில் தூங்க விடாதே. வேம்புலிக்கு நான் என்ன சொல்லட்டும் என்று பதில் எழுது. கட்டைவிரல் வேண்டாம்.

இப்படிக்கு,
மகன் வருகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட
ஜேசுராஜ்