பன்னிரண்டு சிரிப்பான்கள்

என் உயிரான அத்தானுக்கு,

மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாளும் அழுதுகொண்டு உங்களிடம் பேசினேன். இன்று பயந்துகொண்டு எழுதுகிறேன்.

வெள்ளைக்காரத் துரைக்காக நீங்கள் மலையேறிப் பிடித்து, தோலுரித்துப் பஞ்சடைத்துப் பாடம் செய்து வைத்த பறவைகளைத் துடைத்துக் காக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். குடியிருக்கும் அறையும் அதோடுதான். ஆனிச் சாரலில் சிரிப்பான் குருவிகளை அடுக்கிய பெட்டித்தட்டில் பூஞ்சை பிடித்தது. துடைத்தால் மை கரையுமே என்று பன்னிரண்டின் காலிலும் மலைப்பேர் எழுதிக் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்துவிட்டேன். பாதி நம் அசம்பு மலையில் நீங்கள் பிடித்தவை, பாதி பழனி மலையிலிருந்து வந்தவை; எல்லாவற்றுக்கும் சீட்டெழுதிக் கட்டியது நீங்கள்தான். திரும்பக் கட்டும்போது எது எந்த மலை என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று கைக்கு வந்ததைக் கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்றல்லவாம் அத்தான். நம் மலைக் குருவியின் வெள்ளைப் புருவம் கண்ணோடு நின்றுவிடும், பழனிக் குருவிக்குக் கண்ணைத் தாண்டியும் நீளும். இரண்டும் ஒரே வகையா, வேறு வகையா என்று லண்டனுக்கு எழுதத்தான் துரை தட்டைத் திறந்தார். ஒரே மலையின் சீட்டில் இரண்டு புருவமும் இருந்தன. செத்தவன் சீட்டு எதையும் நம்ப முடியாது, அவன் பிடித்த எல்லாவற்றையும் எரித்துவிடு என்று பங்களாவில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லிவிட்டார். நாளைக்கு எரிக்கப் போகிறார்கள்.

ரைட்டரிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். "எம்மா, நீ மிண்டாம இரி, கேட்டியா? போனவன் மேல பழி கெடந்தா ஆருக்கு என்ன நட்டம்? நீ வாயத் தொறந்தா இந்த மழையில பிள்ளையக் கொண்டு எங்க போவ?" என்றார்.

எங்கே போவேன்? மேரிக்கு இன்னும் இரண்டு வயது முழுதாகத் திகையவில்லை. ஆனால் அட்டை கடித்த காலோடு நீங்கள் இறங்கி இறங்கி வந்ததெல்லாம் சாம்பலாவதற்கா?

மத்தியானம் தட்டை மறுபடி திறந்தேன். அந்தப் பன்னிரண்டு கால்களில் மட்டும் என் முடிச்சு, மிஷனில் லேஸ் பின்னிப் பழகிய முடிச்சு. மற்ற எல்லாக் கால்களிலும் உங்களுடையது. எவை கெட்டவை, எவை சரியானவை என்று கண் தெரியாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். யார் கெடுத்தது என்றும்.

காலையில் தீ மூட்டுவதற்கு முன்னால் துரையின் எதிரே போய் நிற்பேன். முடிச்சைக் காட்டாமல் திரும்ப மாட்டேன். துணிமூட்டையை இப்போதே கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் பேரைக் கெடுத்த, உங்கள் மனைவி
ஞானம்மா