வாசலிலிருந்து வரிசையாக

ஜூன் 3, செவ்வாய்

இன்று வெளிக்கதவின் கொண்டி. நேற்று கீல்.

போதகர் போன மாதம் சபையில் கேட்டுக்கொண்டார்: தினம் ஒரு காரியத்துக்காவது வாய்திறந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள், எதற்கு, எப்படி என்பது உங்கள் விருப்பம் என்று. மற்றவர்கள் சுகம், பிள்ளைகள் என்று பெரியவற்றிலிருந்து தொடங்கினார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் ஏது? உத்தியோகத்தில் கட்டடங்களைப் பரிசோதித்த முறையிலேயே இறங்கிவிட்டேன். தெருவாசலில் தொடங்கி, இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் உள்ளே போவது. காலையில் அந்தந்தப் பொருளின் முன் நின்று, தொட்டு, மெல்லிய குரலில் ஒரு ஸ்தோத்திரம்.

அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “யாருகிட்டடா பேசிட்டிருக்கே?”

“ஜெபம் பண்றேன்க்கா.”

“கதவுகிட்டயா?”

இது பக்தியா, பழக்கதோஷமா? தெரியவில்லை. ஆனால் மனசு லேசாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மழைநீர்க் குழாய். ஒழுகவில்லை. நன்றி.

ஜூன் 6, வெள்ளி

முன்சுவர். பழக்கம் விடாமல் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருந்தால் ‘டொம்’ என்று வெற்றொலி வரும். எத்தனை கட்டடங்களில் அந்த ஒலியைக் கேட்டுக் ‘குறை’ என்று எழுதியிருக்கிறேன்! எங்கள் சுவர் கெட்டியாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து நன்றி.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அக்காவின் மகள் போனில் பேசினாள். அக்காவைத் தன்னோடு வந்து இருந்துவிடும்படி கேட்கிறாள். புது வீடு, தனி அறை, படியேற வேண்டாம். நல்ல பிள்ளை.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: “நீ என்ன சொல்றே?”

“உன் இஷ்டம்க்கா.”

“என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? உன்னைக் கேட்டேன்.”

நான் தண்ணீர் குடித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

என் மனைவி இறந்தபோது பத்து நாள் துணைக்கு என்று வந்தவள் அக்கா. ஏழு வருஷம் ஆகிறது. எண்பதைத் தொடப்போகிறவள் தாய்க்குரிய இடத்தில் போய் உட்கார ஆசைப்பட்டால் நான் குறுக்கே நிற்பதா? சரியாகத்தான் சொன்னேன். சரியாகத்தானே?

ஜூன் 9, திங்கள்

செருப்புத் தட்டு. மேல்வரிசையில் அக்காவுடையவை, வார் அறுந்ததற்கு ஊக்கு குத்தி. தட்டுக்காக நன்றி சொன்னேன். செருப்பு தட்டில் சேருமா, தனியா என்று ஒரு குழப்பம். விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

அக்கா பால்காரரைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து தன் பச்சைப் பெட்டியை இறக்கச் சொன்னாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கேம்மா, மக வீட்டுக்கா?” என்றார் அவர்.

“ஆமாப்பா. இங்க யாரும் போகாதேன்னு காலைப் பிடிக்கல.”

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன்.

பெட்டியின் பூட்டு இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுச் சரிசெய்து கொடுத்தேன். அவள் போவதற்கு நானே பூட்டுக்கு எண்ணெய் விடுகிறேன் — என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

இன்றைய நன்றி: கால்மிதி. சொன்னேன் என்று பேர்.

ஜூன் 14, சனி

உள்கதவின் தாழ்ப்பாள். பாதி ஜெபத்தில் பின்னால் குரல்.

“தாழ்ப்பாளுக்கு நன்றி. நேத்து அழைப்புமணிக்கு. முந்தாநாள் கால்மிதிக்கு. எல்லாம் என் காதுல விழுதுடா. ஒண்ணு கேக்கறேன், இந்த வீட்டுல நான் எங்க வர்றேன்?”

எனக்குப் பொய் வராது. “சமையலறையிலக்கா. ஜூலை கடைசியில.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப நான் இங்க இருக்க மாட்டேனே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாள் முழுவதும் அறைக்குள் அவள் புடவை மடிக்கும் சத்தம். ஏண்டா, வாயைத் திறந்தா என்ன? திறந்தா என்ன ஆயிடும்? அவ சிரிப்பா. இல்ல அழுவா. இல்ல, அப்பவும் போயிடுவா. அதான் பயம். கேட்டும் அவ போயிட்டான்னா —

ஜூன் 15, ஞாயிறு

சபை வாசலில் போதகரிடம் என் முறையைச் சொன்னேன். அவருக்கு என் மகனாகும் வயதுதான். சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

“நன்றி சொல்றீங்களா ஐயா, இல்ல, சரிபார்க்கிறீங்களா?”

நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றது. எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். வாசலிலிருந்து வரிசையாகப் பார், ஒன்றையும் விடாதே. ஆனால் தாங்கும் உத்திரத்தில் விரிசலைக் கண்டால் வரிசையை அங்கேயே நிறுத்து. முதலில் அதைச் சொல்.

ஒருநாளும் மீறாத விதி. இந்த வாரம் முழுக்க மீறியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்கு அக்காதான் எப்போதும் ஜெபிப்பாள். அதற்குமுன் என் மனைவி. பிறர் காது கேட்க நான் ஜெபித்ததே இல்லை. இன்று அவள் கண்ணை மூடுமுன் “நான் பண்றேன்” என்றேன்.

“நீயா!”

“ஆண்டவரே” என்று தொடங்கினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு வந்தது இதுதான்: “அக்காவுக்காக ஸ்தோத்திரம். பத்து நாள்னு வந்தா. அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் ஒருநாள் கூடத் தனியா சாப்பிடல. அவ போனா எனக்குத் தாங்காது. அதை அவகிட்ட சொல்ல எனக்குப் பயம். மக கூப்பிடறா, அதுவும் நியாயம்தான். ஆமென்.”

நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“இதை ஆண்டவர்கிட்ட சொன்னியா, எங்கிட்ட சொன்னியா?”

“ரெண்டு பேர்கிட்டயும்தான்.”

“அவருக்கு முன்னாடியே தெரியும். எனக்குத்தான் தெரியாது.” கரண்டியை எடுத்தாள். “சாப்பிடு, ஆறுது.”

சாப்பிட்டு எழுந்தோம். பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு சமையலறையிலிருந்து: “ஜூலையில வரவேண்டியவ ஜூன்லயே வந்துட்டேன். உன் வரிசை கெட்டுப்போச்சேடா!”

கெட்டுப்போகட்டும்.

ஜூன் 18, புதன்

அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு வெகுநேரம் பேசினாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கும் சிரிப்பு கேட்டது. என்ன முடிவு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு நெருக்கக்கூடாது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. இன்று நன்றாகப் பசித்தது.

ஜூன் 21, சனி

விட்ட இடத்திலிருந்து மறுபடி. கூடத்து ஜன்னல். கம்பியில் துரு ஆரம்பம். இருந்தாலும் வெளிச்சம் வருகிறது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பரணின் முறை. காலையில் ஏணியைச் சாய்த்து இரண்டு படி ஏறினேன். அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“விழுந்து கிழுந்து வைக்காதே. உன்னைத் தூக்க என்னால ஆகாது.”

பழைய மின்விசிறி, பாய், என் மனைவியின் தையல் இயந்திரத்து மூடி. அவற்றுக்குப் பின்னே, சுவரோரமாக, பச்சைப் பெட்டி. எப்போது ஏற்றச் சொன்னாள்? நேற்று நான் தபால் அலுவலகம் போயிருந்தபோது பால்காரர் வந்திருக்க வேண்டும்.

கீழே பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை நீட்டி விரல்முட்டியால் தட்டினேன். ‘டொம்’ என்றது. இன்னொரு தரம் தட்டினேன். அதே ஒலி.

அதற்காக நன்றி சொன்னேன், கீழே நிற்பவளுக்கும் கேட்கும்படி.