ஊறுகாய்க்குப் போன விதை

அன்பு மகள் யோன்ஜாவுக்கு,

நீ அங்கே சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன், அதற்கு மேல் எழுதினால் பொய்யாகும். படிப்பை நிறுத்துகிறேன் என்று கல்லூரியில் நீ எழுதிக் கொடுக்கும் முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நம் ஊர் சிவாஸில் பனி ஆரம்பித்துவிட்டது. அம்மா விதை எடுத்த ஜிப்சம் குன்றை முழுக்க வெட்டிவிட்டார்கள், பேருந்திலிருந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு பள்ளம்தான் தெரிகிறது. அம்மா தன் செடியை ஆராய்ந்த ஆய்வகத்தில் மரபணு படிக்கும் கருவி மறுபடி கெட்டது, சரிசெய்து கொடுத்தேன். இப்போது அதில் யாருடைய கோதுமையோ ஓடுகிறது.

அம்மாவின் நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்தது. ஹாஜெர் பெரியம்மாதான் எல்லாம் பார்த்துக்கொண்டார், ரவை அல்வா கிண்டினார், அடக்கம் முடிந்த வாரம் போட்டு வைத்த முட்டைகோஸ் ஊறுகாயையும் எடுத்து வைத்தார். எல்லாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள். உன் சித்தப்பா, "இந்த ஊறுகாய் கிடைக்கும்னா செத்தாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நானும் தின்றேன், நன்றாக இருக்கிறது என்றேன். பாத்திரம் கழுவும்போதுதான், குளிர்பெட்டிக் கதவில் அம்மா அந்தக் குன்றின் விதை போட்டு வைத்திருந்த குப்பி, பாத்திர அடுக்கில் காலியாகக் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்குப் பெரியம்மா, "அன்னிக்குக் கடுகு தீந்து போச்சு தம்பி, நெஸ்ரின் வச்சிருந்தத எடுத்துப் போட்டேன்" என்றார். அது கடுகில்லை அக்கா என்றேன். "என்ன இல்ல? இது கடுகுக்குப் பெரியம்மா முறைன்னு அவதானே வாய் ஓயாம சொல்லுவா! கடுகு போடாத ஊறுகாய் கெட்டுப்போகாதா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், தலைத்துணியை வாயில் அமுக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ அவரிடம் எதுவும் கேட்காதே. தங்கையைப் புதைத்த கை அது.

அம்மா உனக்கும் சொல்லியிருப்பாள். கடுகுக் குடும்பத்தில் முதலில் தனியாகப் பிரிந்த கிளை அவளுடைய இந்தக் குன்றுச் செடி. முட்டைகோஸ், முள்ளங்கி, கடுகு எல்லாம் இன்னொரு பக்கத்தில் பெருகிய பிள்ளைகள். "கடுகோட காரம் நம்ம நாக்குக்காக வந்ததில்ல துர்குத், புழுவை விரட்ட வந்தது. புழு அதையும் தின்னப் பழகிச்சு, செடி வேற காரம் வச்சுது. அந்தச் சண்டை நடந்துக்கிட்டே இருந்ததுலதான் இத்தனை வகை" என்பாள். மருத்துவமனையில் புற்றுக்கு மருந்து ஏற்றும்போதுகூட அதைத்தான் சொன்னாள், எனக்கும் அதே சண்டைதான் என்று சிரித்தாள். பிரிந்து கோடிக்கணக்கான வருடம் ஆன இரண்டு கிளையையும் உன் பெரியம்மா ஒரே ஜாடியில் சேர்த்துவிட்டார்.

மிச்சமிருந்ததை வடிகட்டிப் பார்த்தேன். ஒரே செடியில் இரண்டு விதமாகக் காய்க்கும் என்று அவள் சொல்லும்போது நான் சரியாகக் கேட்டதில்லை. வெடிக்கிற காயின் விதைகள் ஈரம் பட்டதும் கோந்து கட்டி, தாய்ச்செடியின் காலடியிலேயே ஒட்டிக்கொள்பவை. அவை ஜாடியின் அடியில் அப்பிக் கிடந்தன. வெடிக்காத காய்கள், ஒற்றை விதையை உள்ளே வைத்துக்கொண்டு இறக்கையோடு காற்றில் போகிறவை, மேலே மிதந்தன. அடியில் இருந்தவற்றைச் சுரண்டிக் கழுவி ஈரத்தாளில் வைத்தேன். ஊதின, பூஞ்சை பிடித்தன, ஒன்றும் முளைக்கவில்லை.

வசந்தத்தில் வந்து குன்றில் விதைத்து, என்னோடேயே இருந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொன்னாய். குன்றும் இல்லை, விதையும் இல்லை. மீதி நான்தான், எனக்காகப் படிப்பை விடாதே. நான் ஒட்டிக்கொண்ட வகை, இந்த வீட்டிலேயே கிடப்பேன். நீயும் அதே செடியில் காய்த்தவள்தான், ஆனால் காற்றோடு போவதற்காகக் காய்த்தவள். விடுமுறைக்கு வா, வந்துவிட்டுத் திரும்பிப் போ.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இறைவன் உன்னைத் தன் கையில் வைத்திருக்கட்டும். மிதந்த காய்களை நிழலில் உலர்த்தி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் கிடந்தவை, நம்பிக்கை வைக்காதே. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் போட்டுப் பார். முளைத்தால் எழுது. முளைக்காவிட்டாலும் எழுது, அடக்கத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை நான் பார்க்கவேயில்லை.

உன் அப்பா,
துர்குத்