மானுக்கு அந்தத் தோட்டா தேவையில்லை

அத்தான்,

நேற்று உங்கள் மகன் ஒரு தோட்டாப் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தான். உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டதாம். வேட்டைத் துவக்கை நீங்கள் எப்போதோ விற்றுவிட்டீர்கள். தோட்டாக்களை மட்டும் ஏன் வைத்திருந்தீர்களோ தெரியாது. மூடியைத் திறந்ததும் பித்தளையும் எண்ணெயும் கலந்த அந்தப் பழைய மணம் வந்தது. நீங்கள் செத்து ஒரு மாதமாகிறது. வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் புகழ்கிறார்கள், அக்காவும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த மணத்தோடு கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் மேற்கே அல்பேர்ட்டாவுக்கு மாறிப் போனபோது, சமவெளியில் அன்ரலோப் மான் வேட்டைக்கு வரும்படி உங்களை அழைத்தான். ஏன் உங்களை அழைத்தான் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் போரும் ஷெல்லடியும் தொடங்குமுன்பே ஊரைவிட்டு வந்து பார்க்டேலில் குடியேறியவர். நான் தொண்ணூறுக்குப் பிறகு வந்தவன். வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்ரில் நான் உங்களுக்கும் அக்காவுக்கும் சொன்ன பங்கர்க் கதைகளெல்லாம் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் உங்கள் கதைகளாகிவிடும். ஹெலிகொப்டரிலிருந்து சுட்டபோது வாழைகளுக்குள் விழுந்து கிடந்தவன் நான். போர்மனுக்கு அது நீங்கள். நான் பக்கத்திலிருந்து பாண் தின்றுகொண்டிருப்பேன். உங்களை மறுத்துப் பேச என் ஆங்கிலம் போதாது என்பது உங்களுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

வேட்டைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். துவக்கு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதியும் எடுத்தோம். ஒரு துவக்கு, இருவருக்கும் பொது. கடைக்கார முதியவர் பொறுமையாக விளக்கினார். அன்ரலோப் சின்ன உடம்புக்காரன், தோலும் மெல்லியது. வெட்டவெளியில் ஆளைக் கிட்ட விடாது, ஆகவே தூரத்திலிருந்து சுடவேண்டும், காற்றும் விடாமல் அடிக்கும். தோட்டாவிலிருந்து பறக்கும் சன்னம் அதிகம் தாழாமல் நேராகப் போகவேண்டும், அதே நேரம் துவக்கு தோளில் உதைக்கவும் கூடாது. உதைக்குப் பயந்தவன் கண்ணை மூடுவான், மான் காயத்தோடு ஓடும் என்றார். அதற்கு ‘ரூ செவென்ரி’ துவக்குத்தான் சரி என்று, அதன் தோட்டா ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

நீங்கள் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. மேல்தட்டிலிருந்த மக்னம் என்ற பெரிய துவக்கைக் காட்டினீர்கள். அதுவும் நேராகத்தான் போகும், ஆனால் எல்க் என்ற பெரிய மானுக்கும் கரடிக்கும் எடுப்பது, உதை பொல்லாதது என்றார் அவர். அந்த மனிதர் சொல்வதைக் கேட்கும்படி நான் மெதுவாகச் சொன்னேன்.

“உது பெடியள் விளையாடுற சாமான். சண்டைக்குள்ள இருந்து வந்தவன் உதோட போய் நிண்டால் அவங்கள் சிரிப்பாங்கள்” என்றீர்கள்.

சண்டைக்குள் இருந்து வந்தவன் யார் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. அக்காவின் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன். மக்னத்தையே வாங்கினோம்.

சுட்டுப் பழகப் போன இடத்தில் நீங்கள் முதல் வெடி வைத்தபோது என் உடம்பு என்னைக் கேட்காமலே நிலத்தில் படுத்துவிட்டது. அங்கே நின்ற எல்லோர் முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சுடும்போது நீங்கள் இரண்டு கண்ணையும் இறுக மூடியதைக் கண்டவன் நான் மட்டுமே. உங்கள் சன்னம் இலக்கின் கடதாசியிலேயே படவில்லை. துவக்கின் குழாய் பிழை என்றீர்கள்.

அல்பேர்ட்டாவில் ஒரு மரம் கிடையாது, புல்லும் காற்றும்தான். போர்மனுக்குப் பின்னால் நெஞ்சால் ஊர்ந்து போனோம். மான் பக்கம் காட்டி நின்றது. நீங்கள் துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தீர்கள். வயிற்றில் பட்டது. மான் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, புல்லுக்குள் படுத்தது.

“படேல்லை, வா போவம்” என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள்.

போர்மனின் முகம் கறுத்துவிட்டது. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுப் போக முடியாது என்றான். அப்போது துவக்கை என் கையில் திணித்தீர்கள். “நீ போ. எனக்குத் தோள் நோகுது.”

அது மறுபடி மறுபடி எழுந்து ஓடியதால் கிட்டப் போக எனக்கு வெகுநேரம் எடுத்தது. கடைசியில் எழும்ப முயன்றது, பின்கால்கள் எழும்பவில்லை. அப்படிக் கிடந்த மனிதர்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன் அத்தான். அவர்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய முடியவும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே சுட்டேன். அன்று மட்டும் என் உடம்பு குனியவில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு, மோர்னிங்சைட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் கதை வேறாக இருந்தது. நீங்கள் ஒரே வெடியில் விழுத்தினீர்களாம். உவன் மச்சான் சத்தத்துக்கே நிலத்தில் படுத்துவிட்டானாம். அக்காவும் சேர்ந்து சிரித்தார். எத்தனையோ கொண்டாட்டங்களில் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். என் போரை எடுத்ததைக்கூட விட்டுவிடுவேன், அக்காவின் அந்தச் சிரிப்புக்கு உங்களுக்கு மன்னிப்பே கிடையாது.

நேற்று உங்கள் மகன் தோட்டா ஒன்றை உருட்டிப் பார்த்தபடி கேட்டான். “மாமா, அப்பா ஒரே ஷொட்டில விழுத்தினவர், என்ன?”

“இல்லைத் தம்பி. ரெண்டு வெடி. ரெண்டாவது நான் வச்சது.”

பொய் சொன்னார் என்று உங்களைத் திட்டுவான், அல்லது என்னோடு சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் பல வருடமாக என்னிடம் தயாராக இருந்தது. அவன் வேறொன்று கேட்டான்.

“முதல் ஷொட்டுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில அந்த மானுக்கு நொந்திருக்குமா மாமா?”

“ஓம்” என்றேன். “கன நேரம் நொந்தது.”

அவன் அழுதான். நீங்கள் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அந்த நீண்ட நேரத்தை நான் தனியாகவே சுமந்து திரிந்தேன். நேற்று அதில் ஒரு பங்கை உங்கள் மகனிடம் கொடுத்துவிட்டேன், உங்களுக்காக இரங்கி அதை நான் திருப்பி வாங்கப்போவதில்லை.