பால்மூஞ்சியின் முகவலை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இதை வேலை நடுவில் பிரித்திருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள் ராசா, அறைக்குப் போய் உட்கார்ந்து படி. உன் தங்கைக்கு பேக்கரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, கட்டில்மேல் ஒழுகிய கூரையையும் அடைத்தாயிற்று, நல்ல செய்தி அவ்வளவுதான்.

நம் குதிரை பால்மூஞ்சிக்கு இப்போது இடது கண் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் கண் கொஞ்சம் சிவந்திருக்கு, மருந்து போடறோம் என்று போனில் சொன்னாரே, அன்றைக்கு அந்தக் கண்ணை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பொய் சொல்லிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் அவர் லாயத்தில் இருக்கும் நேரம் பார்த்து விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஈ அண்டாமல் இருக்க நீ அனுப்பிய கறுப்பு முகவலை வந்த அன்றே அப்பா அவளுக்கு மாட்டிவிட்டார். அப்போது நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் சொல்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க"ன்னு சொன்னாய். உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ வெளிநாடு போகிறதுக்கு முந்தின கோடையில், பாவம் அவளுக்குப் புழுங்குது என்று உனக்குத் தெரியாமல் அவர் வலையைக் கழட்டிக் கழட்டி வைத்து, அந்த வெள்ளை மூஞ்சியில் கண்ணைச் சுற்றி ரோஜா நிறத்தில் இருக்கிற தோல் வெயிலில் வெந்து கொப்புளம் போட்டது. லாயமே வேடிக்கை பார்க்க நீ அவரைப் பார்த்துக் கத்தினாய். அதை அவர் இன்னும் மறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியும் என் பேச்சை ஒரு நாள் கேட்காத மனுஷன், இந்தத் தடவை உன் பேச்சை எழுத்துக்கு எழுத்து கேட்டார். கேட்டே தொலைத்தார்.

அதற்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ கூப்பிடவில்லை. குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, உன் முதலாளி உன்னைப் பந்தயக் குதிரைகளோடு வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் முதல் பதினொரு நாளும் வலை அவள் முகத்தைவிட்டு இறங்கவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் வலையை முகத்தில் இருக்கும்போதே பக்குவமாகத் துடைத்துவிடுவார், உள்ளே மட்டும் பார்க்கமாட்டார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவள் தூணில் முகத்தைத் தேய்ப்பதைப் பார்த்து, கழட்டித்தான் பாருங்களேன் என்றேன். பையன் சொல்லட்டும் என்றார். அவனுக்கு போன் போடுங்கள் என்றதற்கு, வேலையில இருப்பான், தொந்தரவு பண்ணாதே என்றார். நானாவது போட்டிருக்கலாம், போடவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒருவழியாக ஒத்துப்போகிறீர்களே, நடுவில் நான் புகுந்து கெடுக்க வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பன்னிரண்டாம் நாள் லாடம் அடிப்பவர் வந்தார், முன்னங்காலைத் தூக்கியதுமே என்ன நாற்றம் இது என்று நிமிர்ந்து, யாரையும் கேட்காமல் ஒட்டுப்பட்டியைப் பிய்த்து வலையை இறக்கினார். கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்து, இமை முழுக்கச் சீழ். காய்ந்த புல்லின் முள் ஒன்று இமைக்குள் குத்திக்கொண்டிருந்தது. நீ மனக்கணக்கில் அளவு சொல்லி வாங்கியிருக்கிறாய், ஆனால் நீ விட்டுப்போன முகமா இப்போது அவளுக்கு? பல் தேய்ந்து இளைத்துவிட்டாள் ராசா, தாடைப் பக்கம் வலை தொளதொளவென்று இருந்தது, அந்த வழியாகத்தான் முள் உள்ளே போயிருக்கிறது. வந்து பார்த்த கால்நடை டாக்டரம்மா திட்டவில்லை, நாலு நாள் முன்னாடி கூப்பிட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். கண்ணை எடுக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பாதான். வேறு யாரிடமும் தரவில்லை.

இப்போது கவலை வலது கண்ணைப் பற்றி. தையலுக்கு வரும் ஈயெல்லாம் அந்தக் கண்ணிலும் மொய்க்கிறது, இரண்டு நாளாகத் தண்ணீர் வடிகிறது. அதுவும் போனால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்று லாயத்து மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உடனே சரியான வலை போட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. கண்ணுக்கு மேலே கூடாரம் மாதிரி தூக்கி நிற்க வேண்டும், இமைமுடி படக் கூடாது, ஓரம் மெத்தென்று ஒட்டி உட்கார வேண்டும், ஆனால் இரண்டு விரல் நுழைய வேண்டும், காலையும் சாயங்காலமும் கழட்டிக் கண்ணைப் பார்க்க வேண்டும், இரவில் போடக் கூடாது. நூல் பிடித்து அவள் முகத்தை அளந்து நானே கடைக்குப் போனேன். நாலு வலையை மாற்றி மாற்றி என் மூஞ்சியில் வைத்துக் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன், கடைக்காரர் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். நல்லதாகத்தான் கிடைத்தது. அப்பா அதைத் தொடமாட்டேன் என்கிறார். என்னைப் போடவும் விடவில்லை, லாடக்காரரைக் கிட்டேயே சேர்க்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் பக்கத்தில் நின்று துணியால் ஈ விரட்டுகிறார். நேற்று மதியம் நின்றபடியே சாய்ந்துவிட்டார், தண்ணீர் தெளித்து எழுப்பினோம், எழுந்ததும் துணியைத்தான் தேடினார். எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. குதிரையும் போய் மனுஷனும் போய்விடுவாரோ என்று இருக்கிறது.

அதனால் நீ கூப்பிடு. மன்னிச்சேன்னு சொல்லாதே, அதைக் கேட்டால் உடைந்துபோவார். திட்டவும் திட்டாதே. அம்மா வாங்கின வலையைப் போடுங்கப்பா என்று மட்டும் சொல், நீ சொன்னால் போடுவார். எழுத்து கலங்கிக் கோணலாக இருந்தால், அம்மா தன் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டே எழுதினாள் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. இங்கே சாயங்காலம் ஆறு மணி உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, கழட்டுங்கப்பா என்று சொல்லிவிடு. நீ சொல்லாமல் அவர் கழட்டமாட்டார்.

போன் மணிக்குக் காத்திருக்கும்
உன் அம்மா