ஏசிக்குக் கீழே என் கதிரை

வெள்ளவத்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? தம்பி மருந்து வாங்கித் தருகிறானா?

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதீர்கள். தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் ஃபோனில் தமிழ் மெசேஜும் வராதே. கொள்ளுப்பிட்டி ஆபிஸில் ஏசி சரியாக என் தலைக்கு மேலே இருக்கிறது. நாள் முழுக்க ஹெட்செட்டில் பேசுகிறவளுக்கு அந்தக் காய்ந்த குளிர் தொண்டையை வறட்டிவிட்டதாம். டொக்டர் பேசவே கூடாது என்றார். இடம் மாற்றித் தரும்படி எழுதிக் காட்டினேன். "எல்லாரும் இதே குளிர்லதானே இருக்கிறாங்க?" என்றார் சுப்பர்வைசர். ஜன்னல்கள் எல்லாம் திறக்கவே முடியாத கண்ணாடி. குரல் வரும்வரை ஈமெயில் வேலை தந்திருக்கிறார்கள். வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வேடிக்கை. நேற்றுச் சாப்பாட்டு நேரம் வெளியே வந்து, நம் மலைத்தோட்டத்து லயத்து வாசலில் குளிருக்குக் காய்வது போல ரோட்டோரம் நின்று வெயில் காய்ந்தேன். கொழும்பே வியர்த்து ஒழுகுகிறது! செக்யூரிட்டி அண்ணன், "நங்கி, பிஸ்ஸுத?" என்றார். தங்கச்சி, பைத்தியமா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கொழும்பில் எதற்கு என்று விட்டுவந்த ஸ்வெட்டரை அனுப்புங்கள். கொஞ்சம் கொத்தமல்லியும்.

ரூமிலிருக்கும் அக்கா தபாலுக்குப் புறப்பட்டுவிட்டாள். கடிதம் கிடைத்ததும் ஃபோன் எடுங்கள். அப்போதும் குரல் வராவிட்டால் நீங்கள் மட்டும் பேசுங்கள். நான் விரலால் ஃபோனைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் ஆமாம்.

"வேலைய விட்டுட்டு வந்துடுறியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நிரோஷினி